சார்பும் பொறுப்பும்

பிறரைச் சாராது வாழ்தலே உயர்வு என்னும் எண்ணம் எம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. தன் காலில் நிற்பவன் மதிக்கப்படுகிறான். பிறர் கையை எதிர்பார்ப்பவன் இரங்கத்தக்கவனாகிறான். ஆயின், எதனையும் எவரையும் சாராத செயல் ஒன்று உண்டா? இல்லையெனில், சார்ந்து நிற்பவனுக்குரிய அறம் யாது? கணினிச் செய்நிரல் ஒன்றினால் எனக்கு நேர்ந்த தலைகுனிவே இவ்வினாவை என்னுள் எழுப்பிற்று.

எமது ஊராகிய ஜெயபுரத்தில் முதியோரிடம் கேட்டுத் தொகுத்த தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் ஒப்பிட்டுக் கருத்தரங்கொன்றில் கட்டுரை படித்தேன். தாலாட்டின் அடிகளிலும் ஒப்பாரியின் அடிகளே நீண்டவை என்பது என் முடிபு. எழுத்துகளை எண்ணுவதற்கு, முன்னைய மாணவர் ஒருவர் எழுதிவைத்த செய்நிரலைப் பழைய கணினியொன்றில் இயக்கியிருந்தேன். விடுமுறையில் ஊருக்குச் சென்று என் மடிக்கணினியில் அதனையே மீண்டும் இயக்கியபோது, எண்கள் யாவும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைந்திருக்கக் கண்டேன்.

செய்நிரல் மாறவில்லை, பாடல்களும் மாறவில்லை. மாறியது பைதன் என்னும் நிரல்மொழியின் பதிப்பாகும். பழைய கணினியில் இருந்தது, 2020 சனவரி 1ஆம் திகதியுடன் பராமரிப்பு நிறுத்தப்பட்ட இரண்டாம் பதிப்பு. என்னிடம் இருந்தது மூன்றாம் பதிப்பு. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் யாதென வினவின், முன்னையது 15 என்னும். பின்னையது 5 என்னும். முன்னையது அச்சொல் சேமிக்கப்பட்டுள்ள பைற்றுகளை எண்ணுகிறது. பின்னையது, ஒருங்குறியில் தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி எனத் தனித்தனியே இடம்பெற்றுள்ள ஐந்தையும் எண்ணுகிறது. அரிச்சுவடி படித்த சிறுவனோ 3 என்பான். அவன் கூற்றே சரி.

அச்சிறுவனின் விடையைக் கணினி தரவேண்டுமாயின், தமிழெழுத்தின் இயல்பறிந்த நிரல்நூலகம் ஒன்று வேண்டும். முத்து அண்ணாமலை முதலானோர் உருவாக்கி எவர்க்கும் இலவசமாக வழங்கியுள்ள 'ஓப்பன்-தமிழ்' அத்தகையது. ஒரு வரிக் கட்டளையால் அதனை நிறுவி மீண்டும் எண்ணினேன். நான் கண்ட வேறுபாடு பெரும்பாலும் மறைந்துபோயிற்று. உயிர்மெய்க் குறிகள் மிகுந்த அடிகளை நீண்ட அடிகளென மயங்கியிருந்தேன்.

என் கட்டுரையை எவரும் ஐயுறவில்லை. வாளாவிருந்திருப்பின் எவரும் அறியார். ஆயினும் மனம் அமைதி கொள்ளவில்லை. நான் செய்த தவறு பிறர் எழுதிய செய்நிரலைச் சார்ந்தமையா? அன்று. எதனைச் சார்ந்திருக்கிறேன் என்பதை அறியாதிருந்தமையும், அறிய முயலாமையுமே தவறு.

வன்னியின் சிறு குளங்களை நோக்குவோம். மேற்குளம் வான் பாய்ந்தால் அந்நீர் கீழ்க்குளத்தை நிரப்பும். மேற்குளம் உடைப்பெடுத்தால் கீழ்க்குளத்தின் கட்டும் தாங்காது. கீழ்க்குளத்துக் கமக்காரர் இச்சார்பினை இழிவென்று கருதுவதில்லை. மேற்குளம் எங்குள்ளது, அதன் கட்டும் துருசும் எந்நிலையில் உள்ளன என்பதை அறிந்திருப்பதே அவருக்கு வேண்டுவது.

மென்பொருள் உலகிலும் நிலை இதுவே. ஒரு நூலகத்தை நிறுவும்போது, அது சார்ந்திருக்கும் நூலகங்களும், அவை சார்ந்திருக்கும் பிறவும் உடன் வந்து சேர்கின்றன. 2016 மார்ச்சில், என்.பி.எம். என்னும் நிரற்களஞ்சியத்துடன் பெயருரிமை பற்றிப் பிணக்குற்ற அசர் கோச்சுலு என்ற நிரலாளர், தம் ஆக்கங்கள் அனைத்தையும் அங்கிருந்து நீக்கினார். அவற்றுள் ஒன்று, சொல்லின் இடப்புறத்தில் வெற்றிடம் நிரப்பும் பதினொரு வரிச் செய்நிரல். அதனைச் சார்ந்திருந்த எண்ணற்ற மென்பொருள்களை உருவாக்கும் பணி உலகெங்கும் தடைப்பட்டது. அப்பெயரைக்கூட அறியாதோரே அவர்களுட் பலர்.

இதனைக் கண்டு அஞ்சுவோர், ஒருமுறை இயங்கிய பதிப்பை என்றும் மாற்றாது நிலைநிறுத்துதலே பாதுகாப்பு என்பர். அதில் உண்மையுண்டு; விடையை மீளப் பெறுவதற்கு அதுவே வழி. ஆனால் மாற்றத்தை முற்றாக மறுப்பவன், பின்னர் வரும் பிழைதிருத்தங்களையும் இழக்கிறான். மறுபுறம், புதியது யாவும் நன்றெனக் கொள்வதும் பேதைமையே. ஈராண்டுகளுக்கு மேலாக உழைத்து நம்பிக்கையை ஈட்டிய ஒருவர், 'எக்ஸ்.இசற்.' என்னும் சுருக்குமென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளவழியொன்றை மறைத்து வைத்திருந்தமை 2024 மார்ச்சில் வெளிப்பட்டது. கணினியொன்றினுள் நுழைவதற்கு அரை வினாடி மிகுதியாகச் செல்வதை அசட்டை செய்யாது ஆராய்ந்த ஆண்ட்ரஸ் பிராயின்ட் என்பவரே அதனைக் கண்டறிந்தார்.

எனவே, பழையதைப் பற்றிக் கிடத்தலோ புதியதைக் கண்மூடி ஏற்றலோ அறமாகாது. வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்கு ஓரதிகாரம் வகுத்தார். தெரிந்துதெளிதலுக்கும் ஓரதிகாரம் வகுத்தார். சார்ந்து நிற்பவனுக்கு இவ்விரண்டும் ஒருங்கே வேண்டும். எவருடைய உழைப்பில் நிற்கிறோம் என்பதை அறிவித்தல் நன்றி. அவ்வுழைப்பைச் சோதித்து ஏற்றல் தெளிவு. சார்ந்த நூலகங்களின் பெயர்களையும் பதிப்பெண்களையும் ஒரு கோப்பில் எழுதிவைக்கும் எளிய வழக்கம் இவ்விரண்டிற்கும் இடமளிக்கிறது. அதனைக் கொண்டு பிறரொருவர் எம் முடிபைச் சோதிக்கலாம்; தவறெனின் மறுக்கலாம். மறுப்பதற்கு வழிவிடாத முடிபை அறிவு என்று கொள்வது எங்ஙனம்?

கலைப்பீட மாணவர்க்கு இது புறத்தேயுள்ள செய்தியன்று. எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினோம் எனக் கூறாது சங்கப் பாடலொன்றின் பாடபேதத்தை எவரும் ஆராய்வதில்லை. ஏட்டுக்கு நாம் காட்டும் இந்நேர்மை கணினிக்கும் உரியதே.

விடுமுறை முடிந்து திரும்பியதும் விரிவுரையாளரிடம் நடந்ததைக் கூறினேன். திருத்திய கட்டுரையை அடுத்த கருத்தரங்கிலே படித்தேன். முன்னைய முடிபு அதில் இல்லை. இறுதிப் பக்கத்தில், பாடல் சொன்ன முதியோருக்கான நன்றியுரையை அடுத்து, பயன்படுத்திய நூலகங்களின் பெயர்களும் பதிப்பெண்களும் இடம்பெற்றிருந்தன.