உவர்க் கிணறும் ஜகாத்தும்

செல்வ நாடு, ஏழை நாடு என்ற ஏற்றத்தாழ்வைக் காணத் தூரம் போக வேண்டியதில்லை. திண்டுக்கல்லுக்கு வடக்கே அகரம், தாடிக்கொம்புப் பக்கம் ஓடும் குடகனாற்றுச் சமவெளி போதும்.

திண்டுக்கல் தோல் ஷாப்புகள் நம்மவர் பலருக்குச் சோறு போட்டவை, மறுப்பதற்கில்லை. பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிடுவார்கள். ஊறவைத்து அலசும்போது அந்த உப்பு கழிவுநீரில் இறங்கிவிடும். குரோமியத்தையாவது பிரித்தெடுக்கலாம், கரைந்த உப்போ சாதாரணச் சுத்திகரிப்பில் போவதில்லை. அது நிலத்தில் இறங்கிக் கிணறுகளைக் கெடுத்தது. தோல் கடல் கடந்து காலணியாகிறது. உவர்நீர் இங்குள்ள விவசாயிக்கு. வேலூர் குடிமக்கள் மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்து, கெடுத்தவரே நஷ்டஈடு தரவேண்டுமென்றது.

ஆலை முதலாளி ரமளானில் நூற்றுக்கு இரண்டரை வீதம் ஜகாத் கொடுக்கிறார். உவர்க் கிணற்றுக்காரருக்கும் அதில் ஒரு பங்கு போகிறது. கணக்குத் தீர்ந்ததா? இல்லையென்றே நாம் கருதுகிறோம். ஜகாத் செல்வத்தின் மீதுள்ள கடமை. கிணறோ ஹக்குல் இபாத். கெடுத்தவர் தலையில் நிற்கும் கடன். அடைக்கவேண்டிய கடனையே ஜகாத்தென்று எழுதிக்கொள்ள யாருக்கு அனுமதி? செல்வ நாடுகள் நம் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் தரும் ‘உதவி’யையும் இப்படித்தான் பார்க்கவேண்டியிருக்கிறது.

கிணற்றின் விலையையும் சேர்த்தால் தோல் விலை ஏறும், வேற்று நாட்டான் மலிவாய் விற்றுவிடுவான் என்பார் வியாபாரி. அவர் சொல்வதும் பொய்யல்ல. அப்படியானால் மலிவு விலைக்கு நெருக்கி வாங்கும் கம்பெனியும் அந்தக் கடனில் பங்காளிதான்.