பேய்க்குக் கருவி, மனிதனுக்குச் சங்கிலி

"உச்சிப் பொழுதில் புளியமரத்தடியில் நிற்காதே, விளக்கு வைத்தபின் தனிவழி போகாதே!" புதுக்கோட்டைச் சீமையின் சிற்றூர்களில் பிள்ளைகளுக்குச் சோற்றோடு சேர்த்து ஊட்டப்பட்ட அச்சம் இது. அரிமளத்துப் பிள்ளைகள் மட்டும் இதற்கு விலக்கா? அன்று இந்த அச்சத்துக்குத் துணை நின்றவை உடுக்கையும் வேப்பிலையும். காலம் மாறிற்று, அச்சம் மாறவில்லை. இன்று அதற்குத் துணையாக வந்திருப்பது கருவி! ஆம், பேயைக் 'கண்டறியும்' கருவி!

அக்கருவிகளைச் சற்றே ஆராய்வோம். முதலாவது, மின்காந்தப் புலத்தை அளக்கும் சிறு பெட்டி. பாழ்வீட்டில் அதன் விளக்குகள் எரிந்தால், "வந்துவிட்டது ஆவி" என்கின்றனர். சுவருக்குள் ஓடும் மின்கம்பிக்கும் சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசிக்கும் அதே விளக்குகள் எரியும் என்பதை மறைத்துவிடுகின்றனர். இரண்டாவது, அகச்சிவப்பு வெப்பமானி. அது சுவரின் மேற்பரப்புச் சூட்டைக் கூறுமேயன்றி, இடையிலுள்ள காற்றின் குளிரைக் கூறாது. மூன்றாவது, வானொலி நிலையங்களை விரைந்து தாவிச் செல்லும் பெட்டி. அறுந்து விழும் சொற்களைப் பொறுக்கி, "ஆவி பேசிற்று" என்கின்றனர். நான்காவது, இருளில் படமெடுக்கும் கருவி. அதன் கண்ணெதிரே பறக்கும் தூசு, ஒளிபட்டு உருண்டையாய்த் தெரிகிறது. தூசுக்கும் தெய்வத்தன்மை கற்பிக்கும் காலம் இது!

இம்மயக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மின்விளக்கு தந்த எடிசனே, இறந்தோர் பேச விரும்பினால் அதற்கு உதவும் கருவி ஒன்றை ஆக்க முயல்வதாக 1920-இல் கூறினார். இங்கிலாந்தில் ஹாரி பிரைஸ் 1937-இல் போர்லி என்னும் ஊரின் பழைய பாதிரியார் இல்லத்தை ஓராண்டுக்கு வாடகைக்கு எடுத்து, வெப்பமானியும் படக்கருவியும் கொண்டு பேயைத் தேடினார். உலகம் ஒப்பும் சான்று எதுவும் கிட்டவில்லை. ஆனால் தேட்டம் மட்டும் ஓயவில்லை.

"கருவி பொய் சொல்லுமா?" என்று கேட்கலாம். சொல்லாது. 'இங்கே மின்புலம் உண்டு' என்பதோடு அதன் சாட்சியம் முடிகிறது. 'அது பேய்' என்பது கருவியின் சொல்லன்று. கருவியைப் பிடித்திருப்பவனின் சொல். விளக்கு எரிந்தால் பேய் உண்டு. எரியாவிட்டால் பேய் ஒளிந்துகொண்டது! எவ்விடை வந்தாலும் முடிவு ஒன்றே எனில், அங்கே ஆராய்ச்சிக்கு என்ன வேலை? எது நேர்ந்தால் தன் கருத்தைக் கைவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லத் துணிபவனே ஆராய்ச்சியாளன். மற்றவன் கையில் இருப்பது அளவுமானியன்று. மின்கலம் பொருத்திய உடுக்கை!

நேர்மையான தேடல் எத்தகையது? விக் டாண்டி என்ற ஆங்கிலப் பொறியாளர் தம் ஆய்வுக்கூடத்தில் இனம்புரியாத அச்சம் கொண்டார். ஓரக்கண்ணில் சாம்பல்நிற உருவமும் கண்டார். ஓடவில்லை, ஓதவில்லை. மறுநாள், பிடியில் இறுக்கி வைத்த வாள் தானே அதிர்வதைக் கண்டார், காரணம் தேடினார். புதிதாய்ப் பொருத்திய காற்றாடி ஒன்று, நொடிக்கு ஏறத்தாழ 19 முறை அதிரும், காதுக்குக் கேளாத ஒலியை எழுப்பிற்று! காற்றாடியைத் திருத்தினார், அச்சம் அகன்றது. 1998-இல் அதனை எழுதியும் வெளியிட்டார். அஞ்சியது குற்றமன்று, அஞ்சியபின் ஆராயாதிருப்பதே குற்றம்.

"பொழுதுபோக்குக்காக விளையாடுகிறார்கள், இதில் என்ன தீங்கு?" என்பாரும் உளர். அவர்களை ஏர்வாடிக்கு அழைக்கிறோம். பேயை ஓட்டினால் பித்துத் தெளியும் என்று நம்பி மனநோயாளரைக் கொண்டுவந்து விட்ட ஊர் அது. 2001 ஆகஸ்டு 6 விடியலில் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றிற்று. எழுந்து ஓடக் கால்கள் இருந்தன. கால்களில் சங்கிலி இருந்தது. 28 பேர் மாண்டனர்! அவர்களைக் கொன்றது பேயா? பேய் உண்டென்ற நம்பிக்கை பூட்டிய சங்கிலியா? மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடுக்கிறது. சட்டம் காலின் சங்கிலியை அகற்றும். கருத்தின் சங்கிலியை யார் அகற்றுவது? "பேய் உண்டு, கருவியே காட்டிற்று" என்று விளையாட்டாய்ச் சொல்பவன், மருத்துவரிடம் போகவேண்டிய மகளைப் பூசாரியிடம் இழுத்துச் செல்லும் தகப்பனுக்குத் துணிவூட்டுகிறான். அவன் கை கறைபடாத கை அன்று.

இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், ஏமாற்றுக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் செய்து காட்டுவோர்க்கு இலட்சம் ரூபாய் தருவதாக 1963-இல் அறைகூவினார். 1978-இல் அவர் மறையும் வரை அப்பணத்தை வென்றவர் இல்லை.

இருளை ஓட்டும் கருவி நம் மாவட்டத்திலேயே உண்டு. 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் புதுக்கோட்டைப் பெண்கள் எழுதுகோல் பிடித்தனர். ஆயிரக்கணக்கில் மிதிவண்டியும் பழகினர். 'தனிவழி போகாதே' என்று தடுக்கப்பட்டவர்கள் தனிவழி போயினர்! எந்தப் புளியமரத்துப் பேயும் அவர்களை மறிக்கவில்லை. பலகையும் மிதிவண்டியும் ஓட்டிய பேய்களை, விளக்கு மின்னும் பெட்டிகொண்டு மீண்டும் அழைப்பதா? அரிமளத்து இளைஞர் கையில் அளவுமானி இருக்கட்டும்; அதை அளக்கும் அறிவும் உடன் இருக்கட்டும்!