போகிறவரும் இருக்கிறவரும்

போரினால் சிதைந்த ஒரு தேசத்துக்குச் சென்று, அங்கே மனித உரிமைகள் எவ்வாறு மீறப்பட்டன என்பதை நேரில் விசாரித்து அறிக்கை எழுதும் உண்மை அறியும் குழுவொன்றில் சேர அழைப்பு வந்தால், அதை ஏற்பதற்கு யோசனை எதற்கு என்றே பலரும் கேட்பார்கள். இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்குச் செல்லவிருந்த அத்தகைய குழுவிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தபோது என் நண்பர்களும் அவ்விதமே கேட்டார்கள். ஆனால், சொல்லொணாத துக்கத்தைச் சுமந்து வாழ்கிற ஒருவர் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்து, உங்களுக்கு நேர்ந்ததையெல்லாம் சொல்லுங்கள் என்று கேட்கும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை காணாமல், சம்மதக் கடிதம் எழுத என் கை எழவில்லை.

இத்தகைய யாத்திரைகள் வீண் என்று சொல்வாரோடு நான் சேர மாட்டேன். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் இருந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்த 1981ஆம் ஆண்டில், சர்வதேச நீதிவல்லுநர் ஆணையத்தின் சார்பில் வர்ஜீனியா லியரி என்ற சட்டப் பேராசிரியை அங்கே சென்றார். 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள்ளே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள்; மறு ஜனவரியில் அதே ஆணையத்துக்காகப் பால் சீகார்ட் சென்றார். அவ்விருவரும் எழுதிவைத்த அறிக்கைகள் இல்லையேல், அந்நாளில் நடந்தவை வெறும் வதந்தி என்று மறுப்பதற்கு எத்தனை பேர் துணிந்திருப்பார்கள்!

ஆயினும் வேறொரு சரித்திரமும் உண்டு. 2006 ஜனவரியில் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்களும், அவ்வாண்டு ஆகஸ்டில் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் 17 ஊழியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இவற்றையும் இவை போன்ற வேறு சில சம்பவங்களையும் ஆராய அமைந்த ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழுவைக் கண்காணிக்க, நமது உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி பி. என். பகவதியின் தலைமையில் பல நாட்டுப் பிரமுகர்கள் கூடிய சர்வதேசக் குழுவொன்று சென்றது. சாட்சிகளுக்குத் தக்க பாதுகாப்பு இல்லை என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி, 2008இல் அக்குழு தன் பணியை முடித்துக்கொண்டு வெளியேறியது. பிரமுகர்கள் தத்தம் தேசங்களுக்குத் திரும்பினார்கள். சாட்சி சொன்னவர்கள் திரும்புவதற்கு வேறு தேசம் எங்கே இருந்தது? மாண்ட மாணவர்களுள் ஒருவனின் தந்தை, தாம் கண்டதை அஞ்சாமல் உரைத்ததன் பயனாக, குடும்பத்தோடு தாய்நாட்டையே துறக்க நேர்ந்தது.

இந்த இடத்தில் என் மனம் 1917ஆம் ஆண்டின் சம்பாரணுக்குச் சென்றது. அவுரித் தோட்ட முதலாளிகளின் கொடுமையை விசாரிக்க வந்த காந்தியடிகள், ராஜேந்திர பிரசாத் முதலிய வக்கீல்களை வைத்து ஆயிரக்கணக்கான குடியானவர்களின் வாக்குமூலங்களை எழுதச் செய்தார். ஒவ்வொருவரையும் குறுக்கு விசாரணை செய்து, தேறாத கூற்றுகளைத் தள்ளவும் செய்தார். விசாரணை நடக்கும் இடத்தில் ரகசியப் போலீஸ் அதிகாரி ஒருவர் வந்து உட்கார்ந்தபோது, அவரை விரட்டாமல் மரியாதையோடு நடத்தினார்; அவர் முன்னிலையிலேயே பேசப் பேச, குடியானவர்களின் அச்சம் தெளிந்தது. அது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதற்கு நான் காணும் விடை இதுதான்: விசாரிக்க வந்தவர் மறுநாள் ரயிலேறிப் போய்விடவில்லை. மாதக்கணக்கில் அங்கேயே தங்கினார். 1918இல் சட்டம் வந்து அவுரிக் கட்டாயம் ஒழியும் வரை அவ்விவகாரத்தைக் கைவிடவில்லை.

என் சந்தேகத்தைத் தெளிவித்துக்கொள்ள நான் வெகு தூரம் போகவேண்டியிருக்கவில்லை. சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளிலிருந்து பறக்கும் கரித்தூள் கூரை ஓடுகளில் படிந்து கிடக்கும் என் ஊரான கும்மிடிப்பூண்டியிலேயே, 1990 முதல் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. விடியற்காலையில் பெயின்ட் வாளியும் பிரஷும் எடுத்துக்கொண்டு முகாம் ஆண்கள் வேலைக்குப் புறப்படுவதை எத்தனையோ வருஷங்களாகப் பார்த்து வருகிறேன். அங்கே எனக்குப் பழக்கமான, மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த மூதாட்டி ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். தகரப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த முகாம் பதிவு அட்டையையும், மடிப்பில் கிழிந்து நூலால் தைத்திருந்த பிறப்புச் சான்றிதழையும் வெளியே எடுத்துப் பாயில் வைத்தார். பிறகு, வெகு நேரம் யோசித்துச் சொன்னார்:

"நீங்கள் போய்க் கேட்டால் சனம் சொல்லும் தம்பி, சொல்லாமல் விடாது. ஆனால் நீங்கள் பிளேன் ஏறின பிறகு அதே வாசலுக்கு வேற ஆள் வருவான். அவன் என்ன கேப்பான் எண்டதையும் யோசிச்சுக்கொண்டு போங்கோ."

சற்றுப் பொறுத்து, "எங்களிட்ட ஒருத்தரும் இன்னும் கேக்கேல்லையே" என்றும் சொன்னார். அதில் குறை சொல்லும் தொனியே இல்லை. அதனாலேயே அது என்னை அதிகமாகத் தைத்தது. 2014இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவையின் கட்டளைப்படி அமைந்த விசாரணைக் குழுவை இலங்கை அரசாங்கம் தன் மண்ணில் கால் வைக்க விடவில்லை. தேசத்துக்கு வெளியே சிதறி வாழ்ந்தவர்களிடம் சாட்சியம் திரட்டியே அக்குழு தன் அறிக்கையை எழுத வேண்டியதாயிற்று. அப்படிச் சிதறியவர்களில் ஒரு பகுதியினர் என் ஊர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலும், புழலிலும் உள்ள முகாம்களில் வாழ்கிறார்கள்.

இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. உங்கள் ஊரில் எங்கள் சனத்தை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கடல் கடந்த அந்த வாசலில் யாரேனும் என்னைக் கேட்டால் என்ன பதில் சொல்வேன்? 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயர் மாறி, மறுவாழ்வு முகாம் என்று ஆனது. புதிய வீடுகளுக்கும் அரசு பணம் ஒதுக்கியது. அது நல்ல காரியம், மனதாரப் போற்றுகிறேன். ஆனால் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இன்றுவரை கையெழுத்திடவில்லை. 1987 ஜூலை முதல் தேதிக்குப் பின் இங்கே பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை கிடைக்கவேண்டுமாயின், பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருக்கவேண்டும்; 2019இன் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைக் குறிப்பிட்டு இலங்கையை விட்டுவிட்டது. ஆகவே நம் பள்ளிக்கூடத்தில் படித்து, நம் கல்லூரியில் பட்டம் பெற்ற பிள்ளை, தான் ஒருநாளும் கண்டிராத தேசத்தின் பிரஜையாக, குறித்த நாளில் பதிவுக்கு வரிசையில் நிற்கிறான். இது அநீதி என்று எழுத வெளிநாட்டுக் குழு ஒன்று வர வேண்டுமா?

குழுவினருக்குச் சம்மதம் தெரிவித்து எழுதினேன். புறப்படுமுன் முதல் விசாரணையைக் கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் நடத்தவேண்டும் என்றும், இரு கரைகளிலும் அறிந்த உண்மைகளை ஒரே அறிக்கையில் எழுதவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். அக்கரையில் வாய் திறக்கும் ஒவ்வொருவரிடமும், அவர் பெயரை எழுதுவதா மறைப்பதா என்ற முடிவை விடவேண்டும். நாங்கள் திரும்பிய பின் ஓராண்டுக் காலமாவது அவரோடு தொடர்பில் இருந்து, ஆபத்து வந்தால் ஓடி வரக்கூடிய ஒரு வக்கீலை அந்த ஊரிலேயே முன்கூட்டி ஏற்பாடு செய்யவேண்டும். இதற்கு ஆகும் செலவை எங்கள் பிரயாணச் செலவிலிருந்து குறைத்துக்கொள்ளலாம் என்றும், அதனால் குழுவில் ஓரிருவர் குறைய நேர்ந்தால் முதலில் என் பெயரை நீக்கிவிடலாம் என்றும் கடிதத்தில் சேர்த்திருக்கிறேன்.