ரதி அழும்போது தப்பு அழுவதில்லை

இலங்கையின் பதுளையிலிருந்து பசறைப் பக்கம் போனால், மாசி மாதத்தில் தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். அப்போது வேடக்காரர்களைவிடத் தப்பு என்ற பறையை அடிப்பவர்களைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். நமுனுகுலைப் பனியில் தோல் தளர்ந்துவிடும். காய்ந்த தேயிலை மிலாறைக் கொளுத்தி, தப்பைத் தீயில் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, நாதம் ஏறியதும் களத்துக்குத் திரும்புவார்கள். அங்கே சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனாகிய மதனை எரித்தாகிவிட்டது. அவன் மனைவி ரதியாக வேடம் கட்டிய ஆண் புலம்பத் தொடங்குகிறார். குரல் இழுபடுகிறது, உடைகிறது, தாளத்தைத் தாண்டிப் போய்த் தடுமாறித் திரும்புகிறது. தப்பு மட்டும் தன் அடியை விடுவதில்லை.

இதே ஏற்பாட்டை 1638இல் வெனிஸில் அச்சான ஒரு நூலில் காணலாம். இசையமைப்பாளர் மொண்டெவெர்டியின் எட்டாம் மாட்ரிகல் பாடல் தொகுப்பில் ஒரு வனதேவதை, கைவிட்டுப்போன காதலனை நினைத்துப் புலம்புகிறாள். அடியில் இறங்குமுகமாக நான்கே சுரங்கள், திரும்பத் திரும்ப. பரோக் இசையில் இதற்கு கிரவுண்ட் பேஸ் என்று பெயர். மூன்று ஆண்கள் ஒதுங்கி நின்று அவளுக்காக இரங்கிப் பாடுகிறார்கள். அவர்கள் கையசைவின் தாளத்துக்குப் பாடட்டும், அவள் மனத்தின் தாளத்துக்குப் பாடட்டும் என்பது மொண்டெவெர்டியே எழுதிவைத்த குறிப்பு. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து லண்டனில் பர்செல் தன் டைடோ அரசிக்கு எழுதிய புலம்பலிலும் அடிச்சுரம் முடியும் இடத்தில் அவள் வாக்கியம் முடியாது.

இப்படித் திரும்பும் அடிமேல் அமைந்த அந்தக் காலத்து சக்கோனும் பசகாலியாவும் ஸ்பெயினில் தெருவிலும் கித்தாரிலும் புழங்கியவைதான். இன்று கச்சேரி மண்டபத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு கேட்கிறார்கள். தப்புக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. சாவு வீட்டுக்கு அது வேண்டும், அடிக்கிறவர் பக்கத்தில் உட்காரக்கூடாது. இந்தக் கணக்கு நம்முடையது.

அழுகைக்கு அடியில் இரங்காத ஒன்று எதற்கு? தப்பும் சேர்ந்து தடுமாறினால், ரதி எவ்வளவு தூரம் தடுமாறினாள் என்பது யார் காதிலும் விழாது. அசையாத அடியை வைத்துத்தான் துக்கத்தின் தூரம் தெரிகிறது.

தோட்டத்து மக்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு காலத்தில் விடியுமுன் தொழிலாளர் குடியிருப்பான லயங்களை எழுப்பியதும் தப்புதான். பிரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, அழைப்பதால் பிரட்டுத் தப்பு என்பார்கள். முந்தின நாள் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவளுக்கும் அதே அடி. தோட்டத் துரை வைத்த தாளத்தை அவள் நிறுத்த முடியாது. அதற்குள் முழுக்க அடங்கிவிடவும் இல்லை. பகலில் வேலைக்கு விரட்டிய வாத்தியத்தைக் கூத்து இரவில் தங்கள் அழுகைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். உலகம் நமக்காக நிற்காது என்பதை எல்லோரும் அறிவோம். அது நிற்காமல் ஓடும்போதே அதன்மேல் பின்தங்கிப் பாடலாம் என்று கண்டுகொண்டவர்கள் இவர்கள்.

காமன் கதையில், சிவன் மதனுக்கு உயிர் கொடுக்கிறார், ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி. 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலருடைய உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. எரிக்கவோ புதைக்கவோ எதுவும் இல்லாத சாவுக்கு ஒப்பாரியை எந்த இடத்தில் நிறுத்துவது? ஊருக்கு இல்லாமல் போனவர், ஒருத்தியின் கண்ணுக்கு மட்டும் வீட்டில் நடமாடுகிறார். அவள் பிரட்டுக்கும் போகிறாள், கொழுந்தும் நிறுத்துக் கொடுக்கிறாள். உள்ளே தாளம் தப்பி ஓடும் புலம்பல் கணக்கப்பிள்ளையின் காதுக்கு எட்டாது. மொண்டெவெர்டிக்குக் கேட்டிருக்கும்.