பெயரும் வில்லையும்

மாணவர் புகைப்படக் கண்காட்சி ஒன்றுக்கு அண்மையில் நடுவராகச் சென்றிருந்தோம். கிணற்றடியில் ஈரக் கயிற்றை இழுக்கும் கிழவி ஒருத்தியின் கைகளைக் காட்டிய படத்தின்முன் நின்றதும் நமது வாயினின்று முதலிற் பிறந்தது, "எந்தக் கமரா?" என்னும் வினாவே. மாணவன் தலை கவிழ்ந்து, இரவல் வாங்கிய கைத்தொலைபேசி என்றான். அவனை வெட்கப்பட வைத்தவர் நாம். அவ்வெட்கத்தின் வேரை ஆராய்வது நமது கடனாகின்றது.

1950ஆம் ஆண்டிலே, யப்பானியச் சரக்கென்றால் மலிவான போலி என்பதே மேலைநாட்டார் பலரின் எண்ணம். அவ்வாண்டு டோக்கியோவிலிருந்த 'லைஃப்' சஞ்சிகையின் படப்பிடிப்பாளர் டேவிட் டக்ளஸ் டங்கன், ஜுன் மிக்கி என்னும் யப்பானியர் நிக்கோர் வில்லையால் எடுத்த படமொன்றைக் கண்டு வியந்தார். அதனை ஆக்கிய நிப்பொன் கொகாக்கு ஆலைக்கே சென்று வில்லைகளைச் சோதித்தார். பின்னர் தமது ஜேர்மன் லைக்காவில் அவற்றைப் பூட்டிக் கொரியப் போரைப் படமாக்கினார். டிசம்பரில் 'நியூயோர்க் டைம்ஸ்' அவ்வில்லைகளைப் பற்றி எழுதியது. உலகம் நம்பத் தொடங்கிற்று. செய்தி வெளிவருவதற்கு முதல்நாள் அந்தக் கண்ணாடி தரங்குறைந்தா இருந்தது? அதைத் தேய்த்து மெருகிட்ட தொழிலாளரின் கைத்திறன் அன்றும் அதுவே. இல்லாதிருந்தது பெயர் ஒன்றுதான். வேடிக்கை என்னவெனில், அதே நிறுவனத்தின் நிக்கொன் என்னும் பெயரைக் கழுத்தில் தொங்கவிட்டுப் பெருமைப்படுவோர் இன்று எத்தனை பேர்!

2008இல் வெளிவந்த பனசோனிக் எல்.எக்ஸ். 3, லைக்கா டி-லக்ஸ் 4 ஆகிய இரண்டும் உள்ளே ஒரே கமராதான். புறத்தோற்றத்திலும் மென்பொருளிலுமே சிறு வேறுபாடு. சிவப்புப் பொட்டிட்டதன் விலையோ வெகுவாக உயர்ந்திருந்தது.

கருவி பொருட்டே அன்று என வாதிப்போருடனும் நாம் உடன்படோம். எஃப் 2 துவாரம் எஃப் 4 துவாரத்தைவிட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். மங்கிய வெளிச்சத்தில் இவ்வேறுபாடு உண்மையானது, அளக்கத்தக்கது. அளக்கவொண்ணாத பெயரைக் கொண்டு, வாங்க வழியற்றவனின் கண்ணே பழுதானது என்று சொல்லாமற் சொல்லும்போதுதான் இது அறத்தின் வினாவாகின்றது.

மீண்டும் அப்படத்தின்முன் சென்று நின்றோம். நிழலிலே மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் தெரிந்தன; அது கைத்தொலைபேசியின் குறையே. கயிற்றினின்று சொட்டிய நீர்த்துளியை, அது கிழவியின் மணிக்கட்டைத் தொடுமுன் அவன் பிடித்திருந்தான். எவ்வளவு நேரம் காத்திருந்தாய் என்று கேட்டோம். மூன்று நாள் விடியற்காலை என்றான்.