எதிர்பார்ப்பும் இன்பமும்

வெற்றியே மகிழ்ச்சியைத் தருகிறது என்பது உலகோர் எண்ணம். அவ்வாறாயின், பெரிய வெற்றி பெற்றவரே அதிக மகிழ்ச்சி அடைய வேண்டுமல்லவா?

1992-ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றோரின் முகபாவங்களை, ஒளிப்பதிவுகளின் வாயிலாக அமெரிக்க உளவியல் அறிஞர்கள் ஆராய்ந்தனர். 1995-இல் வெளியான அவர்களது முடிவு சிந்திக்கத்தக்கது. வெள்ளி பெற்றவர்களைக் காட்டிலும் வெண்கலம் பெற்றவர்களே அதிக மகிழ்வுடன் காணப்பட்டனர்! முன்னவரின் மனம் கைநழுவிய தங்கத்தை எண்ணியது. பின்னவரின் மனமோ வெறுங்கையுடன் திரும்பாததை எண்ணி நிறைவுற்றது என்று அவர்கள் விளக்கினர். ஆக, இன்பத்தை நிர்ணயித்தது பதக்கமன்று. அதனை அளந்த மனமே.

அப்படியானால் எதிர்பார்ப்பையே துறந்துவிட வேண்டுமா? இல்லை. உயர்ந்த குறிக்கோள் இன்றி உயர்ந்த செயல் பிறப்பதில்லை. 'இது கிடைத்தால்தான் மகிழ்வேன்' என்று மனம் விதிக்கும் நிபந்தனையையே துறக்க வேண்டும், முயற்சியை அன்று.

1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில், ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு வேறுபாட்டில் பி.டி. உஷா வெண்கலத்தை இழந்தார். கோடிக்கணக்கானோரின் எதிர்பார்ப்பு அன்று பொய்த்தது. ஆனால் அவரது ஓட்டம் அத்துடன் நிற்கவில்லை. 1986-இல் சியோல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் அவர் நான்கு தங்கப் பதக்கங்களை வென்றார்.

பலன் நூறில் ஒரு பங்கு வினாடியிலும் நழுவக்கூடும். முயற்சியோ, நாமாக விட்டாலன்றி நழுவுவதில்லை. நழுவக்கூடியதன்மீது இன்பத்தைக் கட்டுபவன் அஞ்சியே வாழ்கிறான். முயற்சியில் நிறைவு காண்பவன், தோல்வியிலும் அடுத்த அடியை அமைதியாக எடுத்து வைக்கிறான்.