பழந்துணி: மாயக்கதை வாசிப்பு பற்றிச் சில கேள்விகள்

"ஊரெல்லாம் பத்திக்கிட்டு எரியுது, நீ மந்திரவாதி கதை படிச்சிக்கிட்டு இருக்கியாம்மா?" ஒரு தோழர் இப்படிக் கேட்டார். கூட்டம் முடிந்து பேருந்துக்குக் காத்திருந்த நேரம். என் பையில் ஹாரி பாட்டர் நான்காம் பாகம் இருந்தது. அறுநூறு பக்கத்துக்கு மேல், ஒளித்து வைக்க முடியாத புத்தகம். சிரித்துச் சமாளித்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. நம்மைப் போன்றவர்கள் இந்தக் கதைகளை ஏன் இவ்வளவு நேசிக்கிறோம்? நமக்கு என்ன இடம் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்ட ஓர் உலகத்தை நேசிப்பதில் ஏதாவது குற்றம் இருக்கிறதா? இதை இலக்கியக் கேள்வியாக அல்ல, அறம் சார்ந்த கேள்வியாகத்தான் கேட்கிறேன்.

முதலில் நேசத்தைச் சொல்லிவிடுகிறேன். மாடிப்படிக்கு அடியில் உள்ள அலமாரிக்குள் படுத்துத் தூங்குகிற ஒரு பையனுக்குக் கடிதம் வருகிறது. பெரியப்பன் அதைப் பிடுங்கி எரிக்கிறான். மறுபடி வருகிறது. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினால் ஓடின இடத்துக்கும் வருகிறது. முதல் கடிதத்தின் முகவரியில் அந்த அலமாரியும் எழுதியிருக்கிறது. 1997இல் வந்த முதல் பாகத்தின் இந்தக் காட்சியைப் படித்தபோது எனக்கு என் கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் ஞாபகம் வந்தது. ஊர்த்தெரு டீக்கடையில் நாலு நாள் கிடந்து, பஜ்ஜி எண்ணெய் பட்டு, பிறகுதான் என் கைக்கு வந்தது. நீ எந்தப் பொந்தில் கிடந்தாலும் உன் பேர் எங்களுக்குத் தெரியும் என்று சொல்லுகிற ஒரு பள்ளிக்கூடம்! அதை நேசிக்காமல் எப்படி இருப்பது?

அப்புறம் ஹெர்மயனி. தாய் தகப்பன் இருவரும் பல் மருத்துவர்கள், மந்திரம் தெரியாதவர்கள். வகுப்பில் அவளை மிஞ்சிப் படிப்பவர் இல்லை. ஆனாலும் பழைய குடும்பத்துப் பையன் ஒருவன் அவளை அழுக்கு ரத்தம் என்று வைகிறான். கடைசிப் பாகத்தில் (2007) அரசாங்கமே ஓர் ஆணையம் அமைத்து அவளைப் போன்றவர்களைக் கூப்பிட்டு விசாரிக்கிறது: உன் மந்திரத்தை யாரிடம் திருடினாய்? பிறப்பில் இல்லாதவனுக்கு வித்தை வந்தால் அது திருட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். இட ஒதுக்கீட்டில் கல்லூரிக்குள் நுழைந்த பிள்ளைகளுக்கு இந்த விசாரணையை விளக்க வேண்டியதில்லை. 'எங்க சீட்டு' என்பதை ஏதோ ஒரு வராந்தாவில் நாமும் கேட்டிருப்போம். எழுதிய ரௌலிங் நாஜிகளின் ரத்தக் கணக்கோடுதான் இதை ஒப்பிட்டிருக்கிறார். சாதி அவர் கணக்கில் இருந்திருக்காது. இருக்கட்டும். பிரதி யாருடையதாக இருந்தாலும் வாசிப்பு நம்முடையது.

இதுவரை எனக்குச் சிக்கல் இல்லை. சிக்கல் சமையலறையில் இருக்கிறது.

எங்கள் காலனியில் சமுதாயக்கூடத் திண்ணையில் மாலைப் பாடசாலை நடத்துகிறோம். பாடம் முடிந்து கடைசி அரைமணி நேரம் கதை. இரண்டாம் பாகத்தை (1998) வாயாலேயே சொல்லிக்கொண்டு வந்தேன். டாபி என்ற வீட்டு எல்ஃப் வருகிறான். எல்ஃப் என்றால் என்ன என்று நான் திணறுவதற்குள் பிள்ளைகளே குட்டிச்சாத்தான் என்று பேர் வைத்துவிட்டார்கள். பொருத்தம்தான், அதுவும் ஏவின வேலையைச் செய்கிற சாதி. ஒரே குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாக வேலை. கூலி கிடையாது. உடுப்பு கிடையாது, பழைய தலையணை உறையை மாட்டிக்கொண்டு திரிய வேண்டும். எசமானைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை வந்துவிட்டால் தன்னைத்தானே அடித்துக்கொள்ள வேண்டும். எசமான் ஒரு துணியைக் கொடுத்துவிட்டால் மட்டும் விடுதலை. ஹாரி தன் காலுறைக்குள் ஒரு நாட்குறிப்பைத் திணித்து மால்ஃபாயிடம் நீட்டுகிறான். அவர் அருவருப்போடு காலுறையை உருவி வீசுகிறார். டாபி அதைப் பிடித்துக்கொள்கிறான். அவ்வளவுதான், விடுதலை!

கைதட்டு வரும் என்று நிறுத்தினேன். வரவில்லை. ஆறாவது படிக்கிற ஒரு பெண் கேட்டாள்: "பழசத் தூக்கிப் போட்டா எப்படிக்கா விடுதலையாவும்? எங்க ஆயாவுக்குந்தான் வருசா வருசம் போட்டாங்க."

எங்க ஆயாவுக்கும்தான் போட்டார்கள். தாத்தா படியாள். பொங்கலுக்கு மறுநாள் ஆண்டை வீட்டு வாசலில் முந்தானையை ஏந்தி நிற்க வேண்டும். கையில் தரமாட்டார்கள், கை பட்டுவிடும். மேலேயிருந்து போடுவார்கள். பிடித்துக்கொண்டால் அடுத்த வருசமும் அந்த வீட்டு ஆள் என்று அர்த்தம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. சேலை போடுவது அதற்கப்புறமும் நிற்கவில்லை. அம்மா மருமகளாக வந்த முதல் பொங்கலுக்கு, "நான் போயி ஏந்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் போகம் முழுக்க எங்கள் வீட்டுக்கு நடவு வேலை இல்லை. அப்பா செங்கல் சூளைக்குப் போனார். வீசியெறிந்த துணியைப் பிடித்து அங்கே ஒருவன் விடுதலையாகிறான். இங்கே பிடிக்க மறுத்தவள் பட்டினி கிடந்தாள்.

அந்தப் பிள்ளையின் கேள்வி இதோடு முடியவில்லை. அந்த உலகத்தில் விடுதலையே எசமான் கையில்தான் இருக்கிறது. அவனாகக் கொடுக்க வேண்டும், அல்லது அவனை ஏமாற்றிக் கொடுக்க வைக்க வேண்டும். டாபி ஒரு காலுறையைத் தானாக எடுத்துப் போட்டுக்கொண்டால் செல்லாது. 1927 மார்ச் 20 அன்று மகாடில் அம்பேத்கர் குளத்துத் தண்ணீரை யாரும் ஊற்றிக் குடிக்கவில்லை, இறங்கி அள்ளிக் குடித்தார். அந்த மாதிரி ஒரு விடுதலைக்கு இந்தக் கதையின் சட்டத்தில் இடமில்லை. நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: டாபி எசமானுக்குத் தெரியாமல் முன்பே ஹாரியை எச்சரிக்க வந்தவன். மீறல் முதலில் நடந்துவிட்டது, காலுறை அப்புறம் வந்த ரசீது. ஆனால் அந்த மீறலுக்காக அவனே தன் கைகளை இஸ்திரிப் பெட்டியால் சுட்டுக்கொள்கிறான். எசமான் அவன் மண்டைக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறான்.

நான்காம் பாகத்தில் (2000) ஹெர்மயனிக்கு ஒரு விசயம் தெரியவருகிறது. ஹாக்வர்ட்ஸ் பள்ளியில் தினமும் மேசையில் தானாக முளைக்கிற விருந்தைச் சமைப்பது நூற்றுக்கும் மேற்பட்ட வீட்டு எல்ஃப்கள். கண்ணில் படாமல் இருப்பதுதான் நல்ல எல்ஃபுக்கு அடையாளமாம். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எல்ஃப் நலச் சங்கம் ஒன்று தொடங்குகிறாள். ஹாரி செயலாளர், ரான் பொருளாளர். எல்ஃப் ஒருவர்கூட இல்லை! இந்த இடத்தில் சிரித்தேன். நம்மை விடுவிக்க நகரத்திலிருந்து வந்த எத்தனை சங்கங்களைப் பார்த்திருக்கிறோம். ஐந்தாம் பாகத்தில் (2003) அவள் தொப்பி பின்னிக் குப்பைக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள். கூட்ட வருகிற எல்ஃப்கள் தெரியாமல் எடுத்து விடுதலையாகிவிடட்டும் என்று. அவர்கள் இதை அவமானமாக எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் கூட்டவே வருவதில்லை. தொப்பிகளையெல்லாம் டாபி ஒருவனே எடுத்துத் தலையில் அடுக்கிக்கொள்கிறான்.

எதிர்வாதம் ஹாக்ரிட் வாயிலிருந்து வருகிறது. அவனே பாதி ராட்சசன், ஒதுக்கப்பட்டவன். அவன் சொல்கிறான்: வேலை செய்வது அவர்கள் இயல்பு, விடுவித்தால் அது அவர்களுக்குச் செய்கிற கொடுமை. ரான் சொல்கிறான்: அவங்களுக்குப் புடிச்சிருக்கு. கதையும் இதற்குச் சாட்சி காட்டுகிறது. விரட்டப்பட்ட விங்க்கி எசமானை நினைத்துக் குடித்து அழுகிறாள். ஹெர்மயனி சமையலறைக்குப் போய்க் கூலி, உரிமை என்று பேச ஆரம்பித்ததும் எல்ஃப்கள் அவளை வெளியே தள்ளிவிடுகிறார்கள். டாபிகூட வாரத்துக்குப் பத்து கேலியன் கூலி தர வந்த தலைமை ஆசிரியரிடம் பேரம் பேசி ஒரே கேலியனுக்கு இறக்கிக்கொள்கிறான். லீவும் மாதத்துக்கு ஒரு நாள் போதுமாம்.

ஆக, கேள்வி இதுதான்: அடிமையே 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று சொன்னால் நமக்கு என்ன வேலை? கேட்காமல் தொப்பியை ஒளித்து வைக்கலாமா, இல்லை இயல்பு என்று விட்டுவிடலாமா?

பி.ஏ. முதல் வருசத்தில் நான் ஹெர்மயனியாகத்தான் இருந்தேன். ஆண்டை செத்தபோது ஆயா எழவு வீட்டு வாசலில் மாரடித்து அழுதுவிட்டு வந்தது. "நீ இன்னும் அடிமைதான் ஆயா" என்று சொல்லிவிட்டேன். மூணு நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னது: "அவுங்க எதுருல சிரிச்சாத்தான் மரக்கா கொஞ்சம் நெறயும். அந்த நெல்லுலதான் உங்கப்பன் வளந்தான். தெரியுமா உனுக்கு?" தெரியாது. ஆண்டையம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதை ஆயா ராத்திரியில் தெருவில் நடந்து காட்டும் என்பதும், பொம்பளைங்க மூச்சு முட்டச் சிரிப்பார்கள் என்பதும் அன்றைக்கு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. நான் படித்த படிப்பில் ஆயாவின் பகல் சிரிப்பு மட்டும்தான் இருந்தது.

இந்தக் கண்ணோடு திரும்பப் படித்தபோது ஒன்று பிடிபட்டது. எல்ஃப்களின் சந்தோசத்தை நாம் எப்போது பார்க்கிறோம்? ஒரு மந்திரவாதிப் பிள்ளை சமையலறைக்குள் நிற்கும்போது மட்டும். ஏழு பாகத்திலும் கதை ஹாரியின் தோளைவிட்டு அநேகமாக இறங்குவதே இல்லை. அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனபிறகு அந்த நூறு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள்? யாருக்கும் தெரியாது. எசமான் வீட்டுப் பிள்ளை எதிரில் கொடுத்த வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு இயல்பைப் பற்றித் தீர்ப்பு சொல்கிறோம்.

டோல்கியனின் மோதிரக் கதை (1954–55) எனக்கு அவ்வளவு உவப்பானதல்ல. ராஜா திரும்பி வருகிற கதை. அதில் ஓர்க்குகள் பிறவியிலேயே கெட்டவர்கள், வெட்டிப்போட்டால் யாரும் அழுவதில்லை. ஆனால் இரண்டாம் தொகுதியின் கடைசியில், அவரே அறியாமல் திறந்துவிட்ட மாதிரி, ஒரு கதவு திறந்து கிடக்கிறது. ஷாக்ராட், கோர்பாக் என்று இரண்டு ஓர்க்குகள் சுரங்கப் பாதையில் பேசிக்கொண்டு போகிறார்கள். மேலதிகாரிகளைத் திட்டுகிறார்கள். இந்தச் சண்டை முடிந்தால் நம்பிக்கையான நாலு பசங்களைக் கூட்டிக்கொண்டு, பெரிய முதலாளி யாரும் இல்லாத இடத்தில் தனியாகப் பிழைக்கலாம் என்று ஆசைப்படுகிறார்கள். மோதிரத்தை மாட்டி மறைந்திருக்கிற சாம் இதை ஒட்டுக்கேட்கிறான். சாமே ஒரு தோட்டக்காரன், எசமானோடு வந்த வேலைக்காரன். பிறவித் தீயவனுக்கு இப்படி ஓர் ஆசை எப்படி வரும்? டோல்கியன் கதவை உடனே சாத்திவிடுகிறார். அடுத்த தொகுதியில் ஒரு கவசச் சட்டைக்காக இரண்டு கூட்டமும் வெட்டிக்கொண்டு சாகிறது. ஆனால் கேள்வி அவரை விட்டபாடில்லை. ஓர்க்குகளின் தோற்றம் பற்றி அவர் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்த குறிப்புகளை, அவர் இறந்து இருபது வருசம் கழித்து 1993இல் மகன் பதிப்பித்தார். முடிவு என்று ஒன்று அதில் இல்லை.

ரௌலிங் அந்தக் கதவை எப்படிச் சாத்தினார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. டாபியின் சாவை மனம் கலங்க எழுதியவர் அவர். ஹாரி மந்திரத்தைத் தொடாமல் மண்வெட்டியால் அவனுக்குக் குழி வெட்டுகிறான். கடைசிச் சண்டையில் எல்ஃப்கள் சமையலறைக் கத்திகளோடு புறப்பட்டு வருகிறார்கள். முன்னால் நிற்பவன் கிழவன் கிரீச்சர், ஹாரிக்கு வீட்டோடு சேர்த்து உயில் சொத்தாக வந்தவன். இருட்டு மன்னன் ஒழிந்தான், ரத்தக் கணக்கு ஒழிந்தது. களைத்துப்போன ஹாரி, படுக்கைக்கு கிரீச்சர் ஒரு சாண்ட்விச் கொண்டுவந்து தருவானா என்று நினைத்துக்கொள்கிறான். பின்னுரைக்கு முன்னால் கதை நிற்பது அந்த நினைப்பில்தான். மந்திரவாதிகளுக்குள் எல்லாரும் சமம் என்று ஆகிவிட்டது. சமைக்க ஆள் இருக்கிறது. பிராமணரல்லாதார் அரசியலின் நூறு வருசத்தைப் பார்த்த நமக்கு இந்த முடிவு ரொம்பப் புதுசு இல்லை.

எழுதிய உலகத்துக்கே திரும்பிப் போய்க் கணக்குக் கேட்டவர் ஒருத்தர் உண்டு. அர்சுலா லெ குவின். அவருடைய எர்த்சீ வரிசையின் முதல் புத்தகம் 1968இல் வந்தது. தீவுகள் நிறைந்த கடல்; பெரும்பாலான சனங்கள் பழுப்பும் கருப்பும். நாயகன் கெட் செம்பழுப்பு நிறம், ஆடு மேய்த்த பையன். கொள்ளையடிக்க வருகிறவர்கள்தான் வெள்ளைத் தோல்காரர்கள். அட்டைப்படங்களில் அவனை வெளுத்தார்கள். 2004இல் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது வெள்ளை நடிகரைப் போட்டார்கள். லெ குவின் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். இதற்காகவே அவரை நேசிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிசாகப் படுவது வேறு. அந்த உலகத்தின் மந்திரப் பள்ளியில் ஆண்களுக்கு மட்டும்தான் இடம். கிராமத்துச் சூனியக்காரிகளின் வித்தைக்கு மதிப்புக் கிடையாது. மூன்றாம் புத்தகத்தோடு (1972) எல்லாம் முடிந்தது என்று வாசகர்கள் இருந்தார்கள். பதினெட்டு வருசம் கழித்து 1990இல் 'தெஹானு' வந்தது. இதில் பெரிய சாகசம் கிடையாது. ஒரு பண்ணை வீடு, அடுப்பு, ஆடுகள், நடுவயது விதவை ஒருத்தி, பெரியவர்கள் நெருப்பில் தள்ளியதால் பாதி முகம் வெந்துபோன ஒரு சிறுமி. கெட் அதிகாரமெல்லாம் தீர்ந்து வந்து மறுபடி ஆடு மேய்க்கிறான். மாயம் எங்கே போச்சு என்று கோபப்பட்ட ரசிகர்கள் இருந்தார்கள். இருபது வருசமாகத் தான் கட்டின வீட்டின் கொல்லைப்புறக் கதவை எழுத்தாளரே திறந்துகொண்டு உள்ளே போகிறார். புரட்சி என்று இதைச் சொல்லமாட்டேன். ஆனால் நேசிக்கிற உலகத்தோடு எப்படிச் சண்டை போடுவது என்று இந்தப் புத்தகத்தில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

இந்தக் கதைகளைத் தூக்கி எறிய என்னால் முடியாது, தோழரே. அந்தக் கடிதம் எனக்கும் வந்ததுதான். சாண்ட்விச் விசயத்தில் மட்டும் நான் ஹாரியின் பக்கத்தில் இல்லை.

போன மாதம் நான்காம் பாகத்தைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஹெர்மயனி சமையலறைக்குப் போகிறாள், எல்ஃப்கள் வெளியே தள்ளுகிறார்கள், கதவு சாத்துகிறது. அங்கே நிறுத்திக் கேட்டேன்: இப்ப உள்ள என்ன நடக்குது? ஒரு பையன், மிச்சம் இருந்த கேக்கை எல்லாரும் பங்கு போட்டுத் தின்பார்கள் என்றான். இன்னொருவன், "அந்தப் பொண்ணு சொன்னது சரிதான்டா, ஆனா வெளிய சொல்லாத" என்று ஒரு குட்டிச்சாத்தான் இன்னொன்றிடம் சொல்லும் என்றான். அந்த ஆறாம் வகுப்புக்காரி எதுவும் சொல்லாமல் எழுந்தாள். ஸ்கேலை மந்திரக்கோலாகப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தள்ளி, மூக்கை மேலே தூக்கித் திண்ணையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து காட்டினாள். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். வாசலில் விளக்குமாற்றோடு நின்றிருந்த அவள் ஆயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது.

மீதியை நாளைக்குச் சொல்றேன் என்று உட்கார்ந்துவிட்டாள். புத்தகத்தை அந்தப் பக்கத்திலேயே மடித்து வைத்திருக்கிறேன்.